உயில் பணக்காரர்களுக்கு மட்டுமா?

உயில் என்று பேச்செடுத்தால் நம்மவர்கள் இரண்டே பதில்தான் சொல்கிறார்கள். “நம்மகிட்ட என்ன சொத்து இருக்கு?” என்பது ஒன்று. “இப்பவே எதுக்கு அபசகுனமா?” என்பது இன்னொன்று. காலமெல்லாம் உழைத்துக் கடன் கட்டி வாங்கிய மலிவு விலை வீடு சொத்து இல்லையா?

எங்கள் தாமானில் ஓர் அம்மா. கோயிலில் தாலி கட்டி முப்பது வருடம் குடும்பம் நடத்தியவர். கணவர் இறந்ததும் வீட்டைத் தன் பெயருக்கு மாற்றப் போனார். கவுண்டரில் கேட்ட முதல் கேள்வி, திருமணப் பதிவுச் சான்றிதழ் எங்கே? அவரிடம் இருந்தது கல்யாண ஆல்பம் மட்டுந்தான். அடுத்த மாதமே கணவரின் அண்ணன் தம்பிகள் உரிமை கேட்டு வாசலில் நின்றார்கள்.

உயில் இல்லாமல் இறக்கும் முஸ்லிம் அல்லாதவரின் சொத்து, தீபகற்பத்திலும் சரவாக்கிலும் 1958-ஆம் ஆண்டு பகிர்வுச் சட்டப்படி பிரிகிறது. பெற்றோருக்குக் கால் பங்கு, மனைவிக்குக் கால் பங்கு, பிள்ளைகளுக்குப் பாதி. பெற்றோர் உயிருடன் இல்லையென்றால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது! ஆனால் அந்தச் சட்டத்தில் பிள்ளை என்றால் சட்டப்படி பிறந்த பிள்ளை. திருமணப் பதிவு 1.3.1982 முதல் கட்டாயம். அதற்கு முன் நம் வழக்கப்படி நடந்த திருமணங்களைச் சட்டம் பதிவானதாகவே ஏற்கிறது. அதன் பிறகு கோயிலோடு நிறுத்திக் கொண்டவர்கள்தான் மாட்டிக் கொள்கிறார்கள். ‘நான் மனைவிதான்’ என்று அந்தப் பெண் நீதிமன்றம் ஏறி வாதாட வேண்டும். ஆயிரம் பேருக்குச் சாப்பாடு போடும் நாம், பதிவுக்கு அரைநாள் லீவு எடுக்க மாட்டோம்!

உயில் இருந்தால் இந்தச் சண்டைக்கே இடமில்லை. யாருக்கு வேண்டுமானாலும் எழுதி வைக்கலாம். ஆனால் ‘என் மனைவிக்கு, என் பிள்ளைகளுக்கு’ என்று மொட்டையாக எழுதாதீர்கள். ஒவ்வொருவரின் முழுப் பெயரும் அடையாளக் கார்டு எண்ணும் இருக்கட்டும். இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் உடனிருக்க, அவர்கள் முன்னால் கையெழுத்திட வேண்டும். சொத்து பெறுபவரோ அவருடைய கணவன் மனைவியோ சாட்சியாகக் கையெழுத்துப் போட்டால் அவருக்கு எழுதியது செல்லாமல் போய்விடும். மகனையே சாட்சியாக்கி ஏமாந்தவர்கள் உண்டு.

இன்னொன்று. திருமணம், முன்பு எழுதிய உயிலை ரத்து செய்துவிடும். ஆகவே இத்தனை வருடம் கழித்துப் பதிவு செய்ய நினைக்கும் தம்பதியர் முதலில் பதிவை முடியுங்கள், பிறகு உயில் எழுதுங்கள். வரிசை மாறினால் பட்ட பாடெல்லாம் வீண்.

ஊழியர் சேமநிதிப் பணம் உயிலில் சேராது. அங்கே நீங்கள் பெயர் குறித்தவருக்குத்தான் போகும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அம்மா பெயரைக் கொடுத்துவிட்டு மறந்தவர்கள் ஒருமுறை போய்ப் பார்த்து வாருங்கள்.

வீட்டுப் பத்திரம், வங்கிக் கணக்குகள், காப்புறுதி, கடன் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். உயிலின் அசல் எங்கே இருக்கிறது என்று வீட்டில் ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள். நகலை வைத்துக் கொண்டு அலைவது பெரும்பாடு.