யாருக்கு எத்தனை வடை?

உலகத்திலேயே ஏற்றத்தாழ்வு குறைந்த நாடுகளில் இந்தியாவுக்கு நாலாவது இடம்! 2025 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட செய்திக்குறிப்பு இது. மாதக் கடைசியில் பஸ்ஸுக்குச் சில்லறை தேடிக்கொண்டிருந்த நம்மாட்கள், நம்ப முடியாமல் இன்னொரு தடவை படித்தார்கள்.

அதற்கு முந்தைய வருடம்தான், தாமஸ் பிக்கெட்டி உள்பட நாலு பொருளாதார நிபுணர்கள் வேறு குண்டு போட்டிருந்தார்கள். 2022-23ல் நாட்டின் மொத்த வருமானத்தில் 22.6 சதவிகிதமும், சொத்தில் 40.1 சதவிகிதமும் உச்சியில் இருக்கும் 1 சதவிகிதம் பேரிடம்!

ஒரே நாடு. இரண்டு ரிசல்ட். யார் புளுகுகிறார்கள்?

யாருமே இல்லை சார். ஒரு டெய்லர் இடுப்பை அளந்தார். இன்னொரு டெய்லர் தோளை அளந்தார். அவ்வளவுதான்.

முதலில் அந்த டேப்பைப் பார்ப்போம். 1905ல் மேக்ஸ் லோரன்ஸ் என்ற அமெரிக்கர் ஜனங்களை, ஏழையில் ஆரம்பித்துப் பணக்காரர் வரை வரிசையில் நிறுத்தி, யாரிடம் எவ்வளவு என்று கூட்டிக்கொண்டே போய் ஒரு கோடு வரைந்தார். எல்லோரும் சமம் என்றால் கோடு ஸ்கேல் வைத்த மாதிரி ஏறும். ஏற்றத்தாழ்வு கூடக் கூட, ஈரத் துணி போட்ட கொடிக்கயிறு மாதிரி தொய்யும். 1912ல் இத்தாலிக்காரர் கொராடோ ஜினி, அந்தத் தொய்வை ஒரே எண்ணில் அடக்கிவிட்டார். பத்து பேர், பத்து வடை. ஆளுக்கு ஒன்று என்றால் ஜினி சைபர். ஒரே ஆள் பத்தையும் முழுங்கினால் கிட்டத்தட்ட 1. இதையே நூறால் பெருக்கியும் சொல்வார்கள். அப்படி, உலக வங்கி 2022-23க்கு நமக்குப் போட்ட மார்க் 25.5. நாலாவது இடம் வந்தது இதை வைத்துத்தான்.

விவகாரம் எங்கே என்றால்... எண்ணுவது வடையையா, வடை வாங்கும் பர்ஸையா, வடைக்கடையையா?

நம் அரசு சர்வே எண்ணுவது வடையை. அதாவது செலவை. தேர்ந்தெடுத்த வீடுகளுக்கு வந்து, அரிசி எத்தனை கிலோ, பஸ்ஸுக்கு எவ்வளவு, துணிமணிக்கு எவ்வளவு என்று கேட்பார்கள். காரணம் நியாயமானது. தள்ளுவண்டிக்காரருக்கு சம்பள ஸ்லிப் ஏது? வருமானத்தைக் கேட்டால் முழிப்பார். செலவைக் கேட்டால் ஓரளவு சரியாகச் சொல்லிவிடுவார்.

வறுமையை அளக்க இது நல்ல வழிதான். ஏற்றத்தாழ்வுக்கு? மாதம் 20,000 வாங்குபவருக்கு இருபதும் காலி. 2 லட்சம் வாங்குபவர் 60,000 செலவழித்துவிட்டு, மிச்சத்தை ஃபிளாட், ஷேர் என்று போடுகிறார். வருமானத்தில் வித்தியாசம் பத்து மடங்கு. செலவில் மூணே மடங்கு! எவ்வளவு பெரிய பணக்காரராக இருந்தாலும் ஒரு வேளைக்கு எத்தனை வடைதான் உள்ளே போகும்?

உலக வங்கியே தன் குறிப்பில், ஏற்றத்தாழ்வு குறைத்துக் காட்டப்பட்டிருக்கலாம் என்று எச்சரித்திருக்கிறது. இன்னொரு ஆய்வுத் தகவல்படி நம் வருமான ஜினி 2023ல் 62 என்றும் போட்டிருக்கிறது. ‘நாலாவது இடம்’ ஓடிய வேகத்தில் இந்த வரி ஓடவில்லை.

இன்னொரு ஓட்டையும் உண்டு. 2022-23 சர்வேப்படி, நகரங்களில் உச்சியில் இருக்கும் 5 சதவிகிதத்தினரின் மாதச் செலவு தலைக்குச் சராசரியாக 20,824 ரூபாய். நாலு பேர் குடும்பத்துக்கு 83 ஆயிரம் சொச்சம். வாடகை, ஸ்கூல் ஃபீஸ், பைக் டியூ கட்டிக்கொண்டு இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டிலேயே அவ்வளவு ஆகும். அசல் கோடீஸ்வரர் எங்கே போனார்? கணக்கெடுக்க வருபவர் அவர் வீட்டு வாட்ச்மேனைத் தாண்டுவதே கஷ்டமாயிற்றே!

பிக்கெட்டி கோஷ்டி அதனால்தான் வருமான வரிப் புள்ளிவிவரத்தையும், ஃபோர்ப்ஸ் கோடீஸ்வரர் பட்டியலையும் சேர்த்துக்கொண்டது. அதிலும் வம்பு உண்டு. வருமான வரி கட்டுபவர்களே இங்கே சிறுபான்மை. மீதிப் பேர் விஷயத்தில் சர்வேயையும் அனுமானத்தையும் கலந்துதான் ஓட்டவேண்டும். ஆகவே அவர்கள் நம்பரும் தாசில்தார் கொடுத்த சர்ட்டிஃபிகேட் அல்ல.

இனிமேல் யாராவது ஏற்றத்தாழ்வு கூடிவிட்டது, குறைந்துவிட்டது என்று நம்பர் நீட்டினால், கைதட்டுவதற்கும் கல் எடுப்பதற்கும் முன்னால் ஒரே கேள்வி கேளுங்கள். வடையா, பர்ஸா, கடையா?

ஒரு சமாசாரம் பாக்கி. சர்வே உங்கள் வீட்டுச் செலவை மொத்தமாக எழுதிக்கொண்டு, வீட்டில் எத்தனை பேரோ அத்தனையால் வகுத்துவிடும். மீன் குழம்பில் நடுத்துண்டு யாருக்கு, வெறும் குழம்பு யாருக்கு என்று கேட்காது. அதன் கணக்குப்படி எல்லார் வீட்டுக்குள்ளும் ஜினி சைபர்!

நிஜ நம்பர் வேண்டுமா? எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காருகிறாரே அம்மா... இன்று ராத்திரி அவர் தட்டைக் கொஞ்சம் எட்டிப் பாருங்கள்.