கிறிஸ்தவர் என்றால் சாதி இல்லாதவரா?

பைபிளில் 'கிறிஸ்தவம்' என்ற சொல்லே கிடையாது. 'கிறிஸ்தவர்' என்பதும் மூன்றே இடங்களில்தான் வருகிறது. அந்தியோகியாவில்தான் சீடர்களுக்கு முதன்முதலில் அந்தப் பெயர் வந்ததாம். ஊரார் வைத்த பெயராக இருக்கலாம், போகட்டும்.

இந்தியச் சட்டம் இதே சொல்லுக்கு வேறொரு பொருள் வைத்திருக்கிறது: சாதி இல்லாதவர்! 1950-ல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதி உரிமையை மதத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டது. சீக்கியர்களை 1956-லும், பௌத்தர்களை 1990-லும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களுக்கு இன்றுவரை இடமில்லை. மதம் மாறிய தலித்துகள் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். கேட்டால், கிறிஸ்தவத்தில் சாதி கிடையாது என்கிறார்கள். அப்படியானால் பௌத்தத்தில் மட்டும் உண்டா என்ன? ஞானஸ்நானம் பெற்ற தலித் மாணவனின் தெரு மாறவில்லை, தெருவின் பெயரும் மாறவில்லை. சான்றிதழ் மட்டும் மாறிவிடுகிறது.

சட்டத்தை மட்டும் திட்டிப் பயனில்லை. 'கிறிஸ்தவ நாடார்', 'கிறிஸ்தவ வெள்ளாளர்' என்று மணமகள் தேடி விளம்பரம் கொடுப்பவர்கள் யார்? கல்லறைத் தோட்டத்தின் நடுவே சுவர் எழுப்பியவர்களும் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர்கள்தானே! தலித் கிறிஸ்தவர்களுக்காக டெல்லியில் மனு கொடுக்கிற சபைகள், கையோடு அந்தச் சுவர்களையும் இடித்தால் என்ன?