வெட்கப்பட்டால் வலி போகுமா?

பல் வலி வந்தால் பத்துப் பேரிடம் சொல்லுகிறோம். தலைவலி வந்தால் "சத்தம் போடாதீர்கள்" என்று வீட்டையே அதட்டுகிறோம். வயிற்று வலி என்றால் அடுத்த வீட்டு அம்மாள் ஓமத் தண்ணீர் கொண்டு வந்து கொடுக்கிறார்.

ஆனால் ஒரு வலி உண்டு. அதைக் கணவன் மனைவியிடம் சொல்லுவது இல்லை. மகள் தாயிடம் சொல்லுவது இல்லை. டாக்டரிடம் போனவர்கள் கூட, "பசி இல்லை, தூக்கம் இல்லை" என்று சொல்லிவிட்டு, அதை மட்டும் சொல்லாமல் திரும்பி விடுகிறார்கள்.

மலம் கழிக்கும் இடத்தில் உண்டாகும் வெடிப்புதான் அது. ஆசனவாய் வெடிப்பு என்று பெயர். டாக்டர்கள் "பிஷர்" என்கிறார்கள்.

இதை எழுதுகிற எனக்கும் அது இருந்தது. ஒரு வருடம் மறைத்தேன். ஆபீசில் நின்றுகொண்டே எழுதினேன். கேட்டவர்களிடம் "முதுகு வலி" என்றேன். கடைசியில் ஆபரேஷன் செய்துகொண்டேன். இப்போது சுகமாக இருக்கிறேன்.

மறைத்து வைத்த அந்த ஒரு வருடம் வீண். உங்கள் வீட்டில் யாரும் அப்படி ஒரு வருடத்தை வீணாக்கக் கூடாது. அதற்காகவே வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

மூலம் அல்ல

"ரத்தம் வருகிறதா? அப்படியானால் மூலம்தான்" என்று நம் ஊரில் எல்லோரும் சொல்லி விடுவார்கள். அது சரி அல்ல.

மூலம் என்பது ரத்தக் குழாய்கள் வீங்குவது. பிஷர் என்பது தோலில் ஏற்படும் கிழிசல். உதடு வெடிப்பது போல, அங்கே ஒரு கோடு கிழிகிறது. பெரும்பாலும் பின்பக்கம், நடுவில் கிழியும்.

மலம் கழிக்கும்போது கத்தியால் அறுப்பது போல வலிக்கும். பிறகும் சிலருக்கு மணிக்கணக்கில் எரியும். ஒன்றிரண்டு சொட்டு ரத்தம் வரும். நாளானால் கிழிசலின் ஓரத்தில் சிறிய சதை தொங்கும். அதைத் தொட்டுப் பார்த்துத்தான் பலர் மூலம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

இவ்வளவு சிறிய புண் ஏன் ஆறுவது இல்லை? காரணம் உண்டு.

அந்த வாயைச் சுற்றி இரண்டு தசை வளையங்கள் இருக்கின்றன. வெளி வளையம் நாம் சொன்னபடி கேட்கும். உள் வளையம் நம் சொல்லைக் கேட்காது. தானாக வேலை செய்யும். புண் வலித்ததும் உள் வளையம் இறுகிக்கொள்கிறது. இறுகினால் அங்கே ரத்த ஓட்டம் குறைகிறது. ரத்தம் போகாத புண் ஆறாது.

வலிக்குப் பயந்து மனிதன் மலத்தை அடக்குகிறான். அடக்கினால் மலம் கல்லாகிறது. கல்லான மலம் புண்ணை மறுபடியும் கிழிக்கிறது. செக்கு மாடு போல நோய் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வருகிறது.

சுவர் விளம்பரம்

பஸ் நிலையத்துச் சுவரைப் பாருங்கள். "மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லாமல் ஒரே நாளில் குணம்" என்று எழுதியிருக்கும். நம் வெட்கம்தான் அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறது! டாக்டரிடம் சொல்ல வெட்கப்படுகிறவன், முகம் தெரியாத ஆளிடம் இருட்டில் போய் நிற்கிறான்.

படிக்காத ஆள் கொடுக்கும் காரமான மருந்தால் புண் பெரிதாகலாம். அதை விட இன்னொரு ஆபத்து உண்டு. மலத்தோடு ரத்தம் வருவதற்கு வேறு காரணங்களும் இருக்கின்றன. புற்றுநோய் கூட அவற்றில் ஒன்று. படித்த டாக்டர் பார்த்தால்தான் எது என்று தெரியும். ஆகையால், ரத்தம் கண்டால் வீட்டிலேயே பெயர் வைக்காதீர்கள். அரசு ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். அவர்களுக்கு இது தினமும் பார்க்கும் நோய்.

கத்தி கடைசியில்தான்

"டாக்டரிடம் போனால் உடனே அறுத்து விடுவார்" என்று சிலர் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை.

புதிதாக வந்த வெடிப்பு, நார்ச்சத்து உணவாலும் வெந்நீர்க் குளியலாலும் பெரும்பாலும் ஆறி விடும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு மேல் ஆறாமல் இருந்தால்தான் அது நாட்பட்ட வெடிப்பு. அதற்கும் முதலில் களிம்பு கொடுப்பார்கள். இறுகிய தசையைத் தளரச் செய்யும் களிம்பு அது. ஒரு வகைக் களிம்பால் சிலருக்குத் தலைவலி வரும். அதைச் சொன்னால் வேறு கொடுப்பார்கள். இவற்றாலேயே பலர் குணமாகி விடுகிறார்கள்.

குணமாகாதவர்களுக்குத்தான் ஆபரேஷன். உள் வளையத்தில் ஒரு சிறு பகுதியை வெட்டி, இறுக்கத்தைத் தளர்த்துவார்கள். தென் ஆப்பிரிக்க டாக்டர் ஐசன்ஹாமர் 1951-ல் இந்த முறையை விளக்கி எழுதினார். புண் இருக்கும் நடுப்பகுதியை விட்டு, பக்கவாட்டில் வெட்டும் எளிய முறையை 1969-ல் டாக்டர் நோட்டாரஸ் வெளியிட்டார். இன்றும் உலகம் எங்கும் அந்த வழியில்தான் செய்கிறார்கள். செய்துகொண்ட 100 பேரில் 90 பேருக்கு மேல் புண் ஆறி விடுகிறது.

"ஆபரேஷன் செய்தால் மலம் தானாகப் போய்விடுமாமே?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்தப் பயத்தில் கொஞ்சம் உண்மையும் உண்டு. சிலருக்கு, காற்றை அடக்க முடியாத தொல்லை வரும். பலருக்கு அது சில வாரங்களில் சரியாகிவிடும். ஒரு சிலருக்கு நீடிக்கும். வெளி வளையத்தைத் தொடுவது இல்லை என்பதால், மலத்தையே அடக்க முடியாமல் போவது அபூர்வம். பிரசவத்தில் தசை கிழிந்த பெண்களும், முன்பு அங்கே ஆபரேஷன் ஆனவர்களும் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவர்களுக்கு வேறு வழி பார்ப்பார்கள். இங்கேயும் பாருங்கள், வாய் திறந்து சொல்லுகிறவனுக்குத்தான் நன்மை!

வீட்டார் செய்யும் தவறு

ஆபரேஷன் கொஞ்ச நேர வேலை. பலர் அன்றைக்கோ மறுநாளோ வீட்டுக்கு வந்து விடுகிறார்கள். ஆனால் புண் நன்றாக ஆறச் சுமார் ஆறு வாரம் ஆகும். டாக்டரின் வேலை அரை மணி. வீட்டாரின் வேலை ஆறு வாரம். இதை யாரும் எடுத்துச் சொல்லுவது இல்லை.

நான் வீட்டுக்கு வந்த அன்று, அம்மா குழைந்த ரசஞ்சாதம் கொடுத்தார். மறுநாள் பாலும் ரொட்டியும். மூன்றாம் நாள் கஞ்சி.

"அம்மா, கீரை வேண்டும்" என்றேன்.

"பச்சைப் புண்டா! கீரை ஆகாது. பத்தியமாக இரு" என்றார்.

அம்மாவின் அன்பில் குறை இல்லை. பத்தியம்தான் தவறு. ரசஞ்சாதத்திலும் ரொட்டியிலும் நார் மிகக் குறைவு. மலம் இறுகும். இறுகிய மலம் புதுப் புண்ணைக் கிழிக்கும். "சாப்பிடாமல் இருந்தால் போகவே வேண்டாமே" என்று பட்டினி கிடப்பதும் தவறு. போகாமல் இருக்க இருக்க மலம் இன்னும் கெட்டியாகும்.

இந்த நோயாளிக்குக் கீரைதான் மருந்து. நாளைக்கு 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்பது டாக்டர்கள் கணக்கு. அவரைக்காய், வாழைத்தண்டு, கொய்யா, பப்பாளி, கேழ்வரகு, கம்பு, சுண்டல் எல்லாம் நம் ஊரில் கிடைப்பவைதானே! நார் சேரும்போது தண்ணீரும் சேர வேண்டும். தண்ணீர் இல்லாமல் நார் மட்டும் போனால் அதுவே அடைத்துக்கொள்ளும். டாக்டர் கொடுக்கும் மலம் இளக்கும் மருந்தை, வலி நின்றதும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

வலி மாத்திரையிலும் கவனம் வேண்டும். கடுமையான வலிக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் மலத்தைக் கட்டும். இரண்டு நாள் போகவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

முதல் தடவை போகும்போது பயம் வரத்தான் செய்யும். எனக்கு ஆபரேஷனை விட அந்தப் பயம்தான் பெரிது. போய் வந்த பிறகுதான் தெரிந்தது, பழைய வலியில் பாதி கூட இல்லை என்று. முக்கக் கூடாது. கையில் போனை வைத்துக்கொண்டு அரை மணி உட்காரக் கூடாது. வந்தால் போக வேண்டும், அடக்கக் கூடாது.

பிறகு ஓர் அகன்ற பேசினில் இளஞ்சூடான தண்ணீர் ஊற்றி, பத்துப் பதினைந்து நிமிடம் உட்கார வேண்டும். நாளைக்கு இரண்டு மூன்று தடவை உட்காரலாம். இறுகிய தசை அதில் தளரும். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம். சோப்புப் போட்டுத் தேய்க்கவும் வேண்டாம்.

கொஞ்சம் ரத்தக் கறையும் நீர்க்கசிவும் சில நாள் இருக்கும். ஆனால் காய்ச்சல், சீழ், நிற்காத ரத்தம், சிறுநீர் போக முடியாமை ஆகிய எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பெண்களும் பிள்ளைகளும்

நான் ஆண். எனக்கே இவ்வளவு வெட்கம். பெண்கள் கதி என்ன?

பிரசவத்துக்குப் பிறகு இந்த வெடிப்பு பல பெண்களுக்கு வருகிறது. குழந்தையைப் பார்க்க வந்தவர்கள் தாயிடம் இதைக் கேட்பது இல்லை. கர்ப்ப காலத்தில் கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரையும் சிலருக்கு மலத்தைக் கட்டும். மாத்திரையை விடக் கூடாது. நர்ஸிடம் சொல்லி அதற்கு மருந்து கேட்க வேண்டும்.

காலையில் வீட்டில் எல்லோரும் போன பிறகுதான் அம்மா கக்கூஸுக்குப் போகிறாள். வேலை செய்யும் கடையில் கக்கூஸ் இல்லை என்று தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்கள் எத்தனை பேர்! கடைகளில் வேலை செய்பவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டது. நல்ல காரியம். நாற்காலி போட்ட முதலாளிகள், சுத்தமான கக்கூஸையும் திறந்து வைக்க வேண்டும். அதைச் சலுகையாக நினைக்கக் கூடாது.

ஆபரேஷன் ஆனவர்களில் பலர் ஒன்றிரண்டு வாரத்தில் வேலைக்குத் திரும்புகிறார்கள். அந்த லீவைக் கேட்கும்போது, "என்ன நோய்? எந்த இடத்தில்?" என்று பத்துப் பேர் எதிரில் மேலதிகாரி கேட்கக் கூடாது. டாக்டர் சீட்டு போதும்.

பிள்ளைகளுக்கும் இந்த வெடிப்பு வரும். பள்ளிக்கூடத்துக் கக்கூஸ் நாறுகிறது என்று அடக்கும் பிள்ளைக்கு மலம் இறுகும். போகும்போது அழுகிற பிள்ளையை அடிக்காதீர்கள். அது அடம் அல்ல, வலியாக இருக்கலாம்.

இன்றே கேளுங்கள்

"குணமானாலும் மறுபடி வரும் என்கிறார்களே?" என்று கேட்கலாம். கீரையையும் தண்ணீரையும் விட்டுவிட்டு, மலத்தை மறுபடியும் இறுக விட்டால் வரலாம். ஆறு வாரப் பழக்கத்தை விடாமல் வைத்துக்கொள்வதே நல்லது. எங்கள் வீட்டில் இப்போது எல்லோருக்கும் கீரை உண்டு. அம்மாவே சந்தையில் பார்த்து வாங்குகிறார்.

என் நோயை முதலில் கண்டுபிடித்தது டாக்டர் அல்ல, என் மனைவி. "ஏன் நாற்காலியில் ஒருபக்கமாகவே உட்காருகிறீர்கள்?" என்று ஒருநாள் கேட்டாள். அந்த ஒரு கேள்வியில் என் வாய் திறந்தது. மறுநாளே டாக்டரிடம் போனோம்.

உங்கள் வீட்டிலும் பாருங்கள். அப்பா கக்கூஸில் அதிக நேரம் இருக்கிறாரா? அம்மா உட்காரும்போது முகம் சுளிக்கிறாளா? பிள்ளை சாப்பிடப் பயப்படுகிறதா?

தனியாகக் கூப்பிட்டு, மெதுவாகக் கேளுங்கள். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். நீங்கள்தான் கேட்க வேண்டும்.