சேவைத்தரத்தை எங்கே அளப்பது?

புது தில்லி: சென்னையிலிருந்து அந்தமான்-நிகோபார் தீவுகளுக்குக் கடலடியில் இடப்பட்ட கண்ணாடி இழை கேபிளைப் பிரதமர் நரேந்திர மோடி 2020 ஆகஸ்ட் 10-ஆம் தேதி தொடக்கி வைத்தார். நீளம் சுமார் 2,300 கி.மீ.; செலவு சுமார் ரூ.1,224 கோடி. அதுவரை செயற்கைக்கோளையே நம்பியிருந்த தீவுகள், போர்ட் பிளேர் (2024 செப்டம்பர் முதல் ஸ்ரீ விஜயபுரம்) தொடங்கித் தெற்கே கிரேட் நிகோபார் வரை, சென்னையோடு இணைந்தன. அரசுக் கோப்புகளையும் முன்பதிவுகளையும் தொலைவிலுள்ள தரவு மையங்களில் வைத்து இயக்குவது இதனால் எளிதாயிற்று. ஆனால், அந்தச் சேவை நின்றுபோனால் யார் பொறுப்பு?

மென்பொருள் நிறுவனங்களின் சேவைத்தர ஒப்பந்தங்களை ஒப்பிடும் அதிகாரிகளின் கண் முதலில் செல்வது சதவீதத்தின் மீதுதான். 99.9 சதவீதம் என்றால் 30 நாள் மாதத்தில் 43 நிமிடங்கள் சேவை முடங்கினாலும் வாக்கு தவறியதாகாது. 99.5 என்றால் 3 மணி 36 நிமிடங்கள். எண்கள் ஒன்றாக இருந்தாலும் இழப்பீடு ஒன்றாக இருப்பதில்லை. மைக்ரோசாஃப்ட், கூகுள் ஆகிய இரண்டின் அலுவலக மென்பொருள் தொகுப்புகளுக்கும் வாக்குறுதி 99.9தான். அது தவறினால் மைக்ரோசாஃப்டின் பொது விதிமுறையில் மாதக் கட்டணத்தில் கால் பங்கு கழிவு. கூகுளின் விதிமுறையிலோ முதல் படியில் 3 நாள் சேவை அல்லது அதன் மதிப்பு மட்டுமே. இந்தக் கழிவும் தானாக வந்துவிடாது. வாடிக்கையாளர்தான் ஆதாரத்தோடு, உரிய காலத்துக்குள் கோர வேண்டும். நம் அலுவலகங்களில் அதைக் கோரும் எழுத்தர் யார் என்பது தனிக் கதை.

தீவுகளைப் பொருத்தவரை இந்த ஒப்பீடு முழுவதும் இரண்டாம் பட்சமே. அமேசான் உள்ளிட்ட பெரிய நிறுவனங்களின் விதிமுறைகளில் விலக்குப் பட்டியல் ஒன்று உண்டு. தரவு மையத்துக்கும் வாடிக்கையாளருக்கும் இடைப்பட்ட இணைய இணைப்பில் ஏற்படும் கோளாறு கணக்கில் சேராது என்பது அவற்றில் ஒன்று. கிரேட் நிகோபாரின் கேம்ப்பெல் பேயில் கப்பல் சீட்டுக்காக வரிசையில் நிற்பவரின் கண்முன்னே திரை உறைந்து நிற்கலாம். அதே நேரத்தில் தரவு மையத்தின் பதிவேட்டில் சேவை 100 சதவீதம் என்றிருக்கலாம். இரண்டும் உண்மை. மென்பொருள்காரர் கேபிள்காரரைக் காட்டுவார். கேபிள்காரர் கடலைக் காட்டுவார்.

நிறுவனங்களைக் குறை சொல்லிப் பயனில்லை. தன் கையில் இல்லாத கம்பிக்கு எந்த வணிகரும் பொறுப்பேற்க மாட்டார். ஆனால் அரசு சில்லறை வாடிக்கையாளர் அல்ல. ஒப்பந்தப்புள்ளியில் தன் நிபந்தனையை எழுதும் வலிமை அதற்கு உண்டு. மேகக் கணினிச் சேவைக் கொள்முதலுக்கு மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் வகுத்துள்ள வழிகாட்டு நெறிகளும் சேவைத்தரம், அபராதம் ஆகியவற்றை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்கின்றன. எனவே, சேவையைத் தரவு மையத்தின் வாசலில் அளக்காமல், கடைசித் தீவின் கவுண்டரில் அளக்கும்படி எழுதலாம். கேபிள் பராமரிப்பையும் மென்பொருளையும் ஒரே பொறுப்பாளரிடம் கட்டலாம். இணைப்பு அறுந்தாலும் சீட்டும் ரேஷனும் உள்ளூர்க் கணினியிலேயே பதிவாகி, பின்னர் மையத்தோடு சேர வேண்டும் என்பதையும் நிபந்தனையாக்கலாம். இவற்றுக்கு விலை கூடும் என்பது உண்மைதான். அந்தக் கூடுதல் தொகையையும் பார்த்த பிறகே மலிவான ஒப்பந்தப்புள்ளி எது என்று முடிவு செய்ய வேண்டும்.

2024 ஜூலை 19-இல் கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பிழையான புதுப்பிப்பால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் கணினிகள் முடங்கின. இந்திய விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ்கள் தரப்பட்டன. தில்லியில் அப்படிச் சமாளித்துவிடலாம்; மாற்றுக்கு அடுத்த விமானமும் உண்டு. கேம்ப்பெல் பேயில் அடுத்த கப்பல் மறுநாளே வந்துவிடாது.

தமிழர்கள் கணிசமாக வாழும் இந்த ஒன்றியப் பிரதேசத்துக்குச் சட்டப்பேரவை கிடையாது. மக்களவையில் அதற்கு இருப்பது ஒரே ஓர் இடம். மாநில அரசு செய்த ஒப்பந்தமென்றால் பேரவையில் ஓர் உறுப்பினராவது எழுந்து கேட்பார். இங்கே நாடாளுமன்றத்தை விட்டால் வேறு மன்றமில்லை. கேபிள் எத்தனை தீவுகளைத் தொட்டது, எத்தனை கோடி செலவானது என்பதோடு கேள்வியும் பதிலும் நின்றுவிடக் கூடாது. தீவு நிர்வாகம் வாங்கியுள்ள ஒவ்வொரு மென்பொருள் சேவைக்கும் ஒப்புக்கொண்ட தரம் என்ன, அதை எந்த இடத்தில் அளக்கிறார்கள், முடங்கிய நேரத்துக்கு எவ்வளவு கழிவு கோரப்பட்டது, எவ்வளவு வந்தது என்று கேட்டால் அமைச்சகம் எண்களோடு பதில் சொல்லியாக வேண்டும். அந்தக் கேபிள் புறப்படுவது சென்னையிலிருந்து. தமிழகத்தின் 39 மக்களவை உறுப்பினர்களில் எவரும் இதை நட்சத்திரக் குறியிட்ட கேள்வியாகத் தரலாம். அப்போதுதான் துணைக் கேள்விக்கும் வாய்ப்பிருக்கும்.