வடக்கத்தியர் வந்ததால் கூலி குறைந்ததா? எப்படித் தெரியும்?

மணப்பாறைப் பக்கம் எந்தத் தேநீர்க் கடையில் உட்கார்ந்தாலும் இந்தப் பேச்சு காதில் விழும்: "வடக்கன் வந்தான், நம்ம கூலி போச்சு." கட்டட வேலை, ஓட்டல் என்று தொடங்கி இப்போது காவிரிப் பாசன வயல்களில் நாற்று நடுவது வரை மேற்கு வங்கத்து, பீகார் ஆட்கள் குழுக் குழுவாக வருகிறார்கள். இப்படிப் பேசுகிறவர்களில் நம் தோழர்களும் உண்டு. இனவெறி என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவது எளிது. அன்றாடக் கூலியை நம்பி வாழ்பவரின் கேள்விக்கு அது பதில் ஆகாது. உண்மையிலேயே கூலி போனதா?

வெளியாட்கள் அதிகமுள்ள ஊரையும் குறைவாக உள்ள ஊரையும் ஒப்பிட்டால் தெரிந்துவிடாதா? தெரியாது. திருப்பூருக்கு ஆட்கள் போவதே அங்கே வேலையும் கூலியும் இருப்பதால்தான். ஒப்பிட்டால் "வெளியாள் வந்தால் கூலி ஏறும்" என்றுகூட விடை வரலாம். டெல்டாவில் இன்னும் சிக்கல். நம் பெண்கள் நூறு நாள் வேலைக்கும், பிள்ளைகள் படித்து நகரத்துக்கும் போனதால் வெளியாள் வந்தாரா, வெளியாள் வந்ததால் நம் பெண்கள் நடவை இழந்தார்களா?

இந்த முடிச்சை அவிழ்க்கப் பொருளியலாளர்கள் வைத்திருக்கும் வழிதான் 'கருவி மாறி'. ஆட்களை ஓரிடத்துக்குத் தள்ளுகிற, ஆனால் அந்த இடத்துக் கூலியை வேறு எந்த வழியிலும் தொடாத ஒரு காரணத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். 2008 ஆகஸ்டில் கோசி ஆறு கரையுடைத்து வடக்குப் பீகாரில் 30 இலட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பாதித்தது. அந்த வெள்ளத்துக்கும் திருச்சிக் கொத்தனார் கூலிக்கும் நேரடித் தொடர்பில்லை. வெள்ளம் துரத்தியவர்கள் போய்ச் சேர்ந்த ஊர்களில் மட்டும் கூலி இறங்கியிருந்தால், காரணம் அவர்கள் வரவுதான் எனலாம். (அங்கே அழிந்த பயிரால் இங்கே தீவன விலை ஏறி, கோழிப்பண்ணை வேலை குறைந்தது என்று வையுங்கள், கருவி கெட்டது.)

அவர்கள் எந்த ஊருக்குப் போவார்கள்? தெரிந்தவர் ஏற்கெனவே இருக்கும் ஊருக்கு. இது நமக்குப் புதிதா என்ன? திருச்சி, சேலம் மாவட்டச் சேரிகளிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குக் கங்காணி ஆள் பிடித்தது தன் ஊரிலும் தன் சொந்தத்திலும்தான். முன்னால் போனவர் இருந்த தோட்டத்துக்கே பின்னால் வந்தவரும் போனார். டேவிட் கார்டு 2001இல் அமெரிக்க நகரங்களை ஆராய எடுத்த கருவி இதே தடம்தான்: பழைய குடியேற்றத்தை வைத்துப் புதிய வரவைக் கணித்தார். ஆனால் பழைய தடமே அன்றைய கூலியைத் தேடிப் போனதுதானே? அந்தப் பழைய பாதிப்பு இன்னும் ஓயவில்லை என்றால் கணக்கு கலங்கும்.

கருவி இல்லாமலே ஒரு வாய்ப்பு 1980இல் கிடைத்தது. கியூபாவிலிருந்து ஏறத்தாழ 1,25,000 பேர் அமெரிக்காவுக்குப் படகேறினார்கள். மயாமியின் உழைப்பாளர் எண்ணிக்கை சில மாதங்களில் 7 விழுக்காடு கூடியது. உள்ளூர்க்காரர் கூலி குறையவில்லை என்றார் கார்டு. பல ஆண்டு கழித்து ஜார்ஜ் போர்ஹாஸ், பள்ளிப் படிப்பை முடிக்காத ஆண்களை மட்டும் பிரித்தெடுத்து, பெருவீழ்ச்சி என்றார். அந்தச் சிறு மாதிரியில் கறுப்பின ஆண்களின் பங்கு அதே ஆண்டுகளில் கூடியிருந்ததை மைக்கேல் கிளெமென்சும் ஜெனிபர் ஹன்ட்டும் காட்டினார்கள். கறுப்பினத்தவர் கூலி முன்பிருந்தே குறைவு. அவர்களைக் கூடுதலாக எண்ணினால் சராசரி தானே இறங்கும்!

நமக்கு இதில் பாடம் உண்டு. யாரை எண்ணினோம் என்று கேட்காமல் கூலிக் கணக்கு பேச முடியாது. இங்கே 2011க்குப் பிறகு 2021இல் வர வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பே உரிய காலத்தில் நடக்கவில்லை. நடந்தாலும், சராசரி என்று எடுத்தால் சேற்றில் நிற்கும் தலித் பெண்ணும் வரப்பில் நிற்கும் மேஸ்திரியும் ஒரே எண்ணில் கரைந்துபோவார்கள்.

வெளியாளால் கூலி உடைவதை நாம் பார்க்காதவர்கள் அல்ல. 1968இல் கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட தலித் உழைப்பாளிகளுக்கு எதிராக மிராசுதார்கள் வெளியாட்களைத்தான் வயலில் இறக்கினார்கள். அவர்கள் இந்தி பேசவில்லை, வேறு ஊர்த் தமிழர்கள். அந்த டிசம்பர் 25 இரவில் எரிக்கப்பட்டவர்கள் 44 பேர். ஆளை இறக்கியது யார், கூலியை வைத்தது யார் என்பதைவிட, இறங்கியவர் என்ன மொழி பேசினார் என்பது எப்போது முக்கியமானது?

வெளிமாநிலத் தொழிலாளிக்கு அதே வேலைக்கு உள்ளூர்க்காரரைவிடக் குறைத்துக் கொடுக்கக் கூடாது என்று 1979ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னது. ஆகவே, அடுத்த முறை "வடக்கன்" என்று பேச்சு எழுந்தால் கேளுங்கள்: நடவுக் குழுவுக்கு ஏக்கருக்கு எவ்வளவு பேசினார்கள்? அதில் தரகர் எடுத்தது எவ்வளவு? அதே தொகையை நம் பெண்களிடம் யாராவது பேசினார்களா?