முதுகில் சுமக்கும் புகை

இரு வீச்சு இயந்திரத்தின் காலம் முடிந்துவிட்டது என்று சொல்கிறவர்கள் சாலையின் நடுப்பகுதியை மட்டும் பார்த்துச் சொல்கிறார்கள். மாலையில் புக்கிட் தெங்கா தொழிற்பேட்டையை விட்டு வெளியேறும் மோட்டார்களைக் கவனியுங்கள். ஏறக்குறைய எல்லாமே நான்கு வீச்சு. எப்போதாவது ஒரு யமாஹா ஆர்எக்ஸெட் புகை கக்கிக்கொண்டு போனால் தலைகள் திரும்புகின்றன. ஆனால் அதே சாலையின் ஓரத்தில், புல் வெட்டுகிறவரின் முதுகில், இரு வீச்சு இயந்திரம் இன்றும் காலை முதல் மாலை வரை ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அதை மாற்றுவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பேச வேண்டும் என்பதே என் கருத்து.

இடைநிலைப்பள்ளியில் இவற்றை ‘டுவா லெஜாங்’, ‘எம்பாட் லெஜாங்’ என்றே படித்தோம். பட்டறையில் டூ ஸ்ட்ரோக், ஃபோர் ஸ்ட்ரோக். ‘வீச்சு’ என்ற சொல்லைப் பின்னாளில் தமிழ்நாட்டுப் பாடநூல் ஒன்றில்தான் கண்டேன். பிஸ்டன் மேலும் கீழும் போய்வருவது கண்முன் தெரியும் நல்ல சொல். நான்கு வீச்சு இயந்திரம் கலவையை உறிஞ்சும், அழுத்தும், எரிக்கும், புகையை வெளியேற்றும். தண்டு இரண்டு சுற்றுச் சுற்றினால் ஒருமுறை எரிப்பு. இரு வீச்சிலோ ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் எரிப்பு. வால்வுகள் இல்லை, பாகங்கள் குறைவு, எடை குறைவு, விலையும் குறைவு. ஆனால் எரிந்த புகையை வெளியே தள்ளுவது புதிதாக நுழையும் பெட்ரோல் கலவையே. தள்ளும்போது அதில் ஏறக்குறைய கால்வாசி எரியாமலேயே புகைக்குழாய் வழியே போய்விடும். போதாததற்கு, மசகெண்ணெயையும் பெட்ரோலோடு கலந்து எரிக்க வேண்டும். நாம் நீல நிறத்தில் பார்ப்பதும் முகர்வதும் அதைத்தான்.

ஒரு சுவையான செய்தி: பினாங்கு மக்களுக்கு நான்கு வீச்சு புதியதே அல்ல. 1958இல் ஜப்பானில் அறிமுகமான ஹோண்டா சூப்பர் கப் நான்கு வீச்சு மோட்டார்தான். அதை மலாயாவுக்குக் கொண்டுவந்தவர் பினாங்குத் தொழிலதிபர் லோ பூன் சியூ. நம் தாத்தாக்கள் ரப்பர் தோட்டங்களில் ஓட்டியது அந்த வகை வண்டியையே. ஆர்எக்ஸெட், 125ஸெட் போன்ற இரு வீச்சு மோட்டார்கள் நம் அப்பாக்களின் காலத்து வேக மோகம். புகை விதிகள் இறுகின, பெட்ரோல் செலவு உறுத்தியது, அவற்றின் உற்பத்தியும் நின்றது. தமிழ்நாட்டிலும் இதே கதைதான். மூட்டை தூக்கும் டிவிஎஸ் எக்ஸ்எல் மொபெட்கூட 2015இல் நான்கு வீச்சுக்கு மாறிவிட்டது. ஆர்எக்ஸெட் மோகம் மட்டும் இன்னும் அடங்கவில்லை. 2024இல் அந்த மோட்டார்க்காரர்கள் திரங்கானுவில் பெருங்கூட்டமாகத் திரண்டார்கள். வார இறுதியில் ஓட்டி மகிழட்டும். அதில் எனக்குப் பகை இல்லை.

பனிநாடுகளில் நடந்ததைப் பார்ப்போம். பனி என்றாலே நமக்குக் குளிர்சாதனப் பெட்டிதான் நினைவுக்கு வரும். இருந்தாலும் இது நமக்குத் தேவையான கதை. பனிமேல் ஓடும் ‘ஸ்னோமொபைல்’ வண்டிகள் நீண்டகாலம் இரு வீச்சாகவே இருந்தன. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் மேற்கு வாயிலில் அவை வரிசைகட்டி நின்று கக்கிய புகை தாங்காமல், 2002ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் வாயிற்காவலர்களுக்குச் சுவாசக் கவசம் கொடுக்க வேண்டியதாயிற்று. அடுத்த சில ஆண்டுகளில், புகையும் சத்தமும் குறைந்த வண்டிகளுக்கு மட்டுமே அனுமதி என்று விதி வந்தது. அதில் தேறியவை பெரும்பாலும் நான்கு வீச்சு வண்டிகள்.

அப்படியானால் பனியில் நான்கு வீச்சு வென்றுவிட்டதா? இல்லை. நான்கு வீச்சில் முன்னணியில் நின்ற யமாஹா, பனிவண்டித் தொழிலிலிருந்தே விலகுவதாக 2023இல் அறிவித்தது. ஆழமான பனியில் எடை குறைந்த வண்டிதான் புதையாமல் ஓடும் என்பதால், எரிபொருளை மின்னணு முறையில் அளந்து செலுத்தும் இரு வீச்சு வண்டிகளை வேறு நிறுவனங்கள் இன்றும் விற்கின்றன. ஆக, பொறியியல் மட்டும் தனியாக எதையும் மாற்றிவிடவில்லை. யெல்லோஸ்டோனில் மாற்றியது விதி. விதியை வரவழைத்தது, புகையை முகத்தில் வாங்கிய தொழிலாளிகளுக்குக் கொடுத்த கவசம் என்றுகூடச் சொல்வேன்.

நம் ஊரில் அந்தக் கவசம் ஒரு பழைய துண்டு. என் தாய்மாமா சாலையோரப் புல் வெட்டுகிறார். ஐந்து லிட்டர் பெட்ரோலுக்கு இருநூறு மில்லி எண்ணெய் என்று கலந்து, மெசினை முதுகில் மாட்டினால், புகைக்குழாய்க்கும் அவர் மூக்குக்கும் இடையே இரண்டு அடிகூட இருக்காது. எரியாத பெட்ரோலில் பென்சீன் இருக்கிறது. அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்பது ஐயமின்றி நிறுவப்பட்டது. மாமாவுக்கு இரவில் இருமல். புகைதான் காரணம் என்று எந்த மருத்துவரும் எழுதிக் கொடுக்கவில்லை, ஆகவே நானும் அப்படிச் சொல்லவில்லை. நான்கு வீச்சு மெசின் இருக்கிறதே என்று சொன்னபோது அவர் சிரித்தார். “இருக்குய்யா. யாரு வாங்கிக் குடுக்கிறது?”

கேள்வி சரியானது. மெசின் அவருடைய சொந்தப் பணம். குத்தகையாளர் கொடுப்பது கூலி மட்டுமே. சில நூறு ரிங்கிட்டுக்கு இரு வீச்சு மெசின் கிடைக்கும்போது, அதைவிடக் கூடுதல் விலைக்கு, கூடுதல் எடைக்கு ஏன் போவார்?

சாய்த்துப் பிடித்தால் நான்கு வீச்சு இயந்திரத்துக்கு எண்ணெய் ஏறாது என்ற பழைய குறை இன்று பொருந்தாது. எப்படித் திருப்பினாலும் ஓடும் சிறு நான்கு வீச்சு இயந்திரங்களை ஹோண்டா 1990களின் இறுதியிலேயே செய்துவிட்டது. எடை மட்டும் உண்மையான குறை, அதை மறுப்பதற்கில்லை. நேராக மின்கலத்துக்கே போய்விடலாமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். கலிபோர்னியா அப்படித்தான் செய்திருக்கிறது: இத்தகைய சிறு இயந்திரங்களில் பெரும்பாலானவை 2024ஆம் ஆண்டு மாடலிலிருந்து புகையே இல்லாதவையாக இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. வீட்டு முற்றத்துக்கு அது போதும். நாளெல்லாம் நெடுஞ்சாலை ஓரத்தில் வெட்டுகிறவர் எத்தனை மின்கலங்களைச் சுமப்பார்? எங்கே மின்னேற்றுவார்? இப்போதைக்கு நான்கு வீச்சுதான் நடக்கக்கூடிய வழி.

நம்மில் சிலர் நாளை உள்ளாட்சி அலுவலகங்களில் குத்தகை ஆவணம் எழுதும் இடத்தில் உட்காரப் போகிறவர்கள். அதில் இரண்டு வரிகள் சேர்த்தால் போதும்: மெசினைக் குத்தகையாளரே வாங்கித் தர வேண்டும், அது நான்கு வீச்சாகவோ அதற்கு ஈடான அளவு புகை குறைந்ததாகவோ இருக்க வேண்டும். கூடுதல் விலை குத்தகைத் தொகையில் ஏறட்டும், மாமாவின் சட்டைப்பையில் அல்ல. பழைய மெசின்களை ஒரே நாளில் தடை செய்யவும் கூடாது. செய்தால் முதலில் வேலை இழப்பவர் அவர்தான். புதிய குத்தகைகளிலிருந்து தொடங்கலாம். பெட்ரோலில் எண்ணெய் கலக்கக் கூடாது, எண்ணெய்த் தொட்டியைத் தனியே பார்த்து மாற்ற வேண்டும் என்று சொல்லிக் கொடுக்க அரை நாள் பயிற்சி தேவைப்படும். அந்த அரை நாளுக்கும் கூலி கொடுக்க வேண்டும்.