முட்டை சரியில்லை என்றால் எழுதித் தாருங்கள்

"உங்கட முட்டை சரியில்லை." வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நகையை அடகு வைத்துச் சிகிச்சைக்குப் போகும் பெண்களிடம், சில தனியார் கருத்தரிப்பு நிலையங்கள் இந்த ஒரு வசனத்தையே தீர்ப்பாகச் சொல்லி அனுப்புகின்றன. எத்தனை முட்டை எடுத்தார்கள், எத்தனை முதிர்ந்திருந்தன, எதில் என்ன குறை என்பதற்குக் கையில் ஒரு தாள்கூடக் கிடையாது. அடுத்த சுற்றுக்கான கட்டணமும் தான முட்டை யோசனையும் மட்டும் உடனே வந்துவிடுகின்றன. இதை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

எந்தக் குறை என்று சொல்லாமல் குறை என்பது மருத்துவமாகாது. கடைசி ஊசிக்கும் முட்டை எடுப்பதற்கும் இடையே ஏறத்தாழ 36 மணித்தியாலம் வேண்டும். மருந்தின் அளவோ நேரமோ பிசகினாலும் முட்டைகள் முதிராமலே கிடைக்கலாம். அந்தப் பிழையையும் பெண்ணின் உடம்பில் சுமத்துவது அநியாயம். குழியவுருவில் துகள் செறிவோ புன்வெற்றிடமோ தென்பட்ட முட்டைகளிலிருந்தும் நல்ல குழந்தைகள் பிறந்திருக்கின்றன. இராட்சத முட்டையின் கதை வேறு. அதில் நிறமூர்த்தங்கள் இரட்டிப்பாக இருக்கக்கூடும். அதிலிருந்து வந்த கருவைக் கருப்பையில் வைக்க வேண்டாமென 2011 இஸ்தான்புல் வல்லுநர் உடன்பாடு எச்சரிக்கிறது. வயதோடு கூடும் நிறமூர்த்த எண்ணிக்கைப் பிழையோ, நுணுக்குக்காட்டியில் முட்டையின் தோற்றத்தைப் பார்த்து அறியக்கூடியதே அல்ல. நாற்பதைக் கடந்தவர்களின் முட்டைகளில் பாதிக்கு மேல் அப்பிழை இருக்கும். அப்படியானால் வயதையும் வாய்ப்பையும் பணம் வாங்குமுன் சொல்லியிருக்க வேண்டும்.

அந்த வசனம் வீட்டுக்குள் நுழைந்தபின் கணவனின் விந்துப் பரிசோதனை பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. பழி முழுவதும் ஒருத்தியின் தலையில்.

பிரித்தானியாவில் 1991 முதல் இத்தகைய நிலையங்கள் அனுமதிப்பத்திரம் பெற்றே இயங்குகின்றன. இந்தியா 2021இல் தனிச் சட்டம் இயற்றியது. இலங்கையில் செயற்கைக் கருத்தரிப்புக்கென்று இன்னும் தனிச் சட்டம் இல்லை. ஆனால் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தனியார் மருத்துவ நிறுவனங்களைப் பதிவு செய்து கண்காணிக்கும் சபை இருக்கிறது. அது என்ன செய்துகொண்டிருக்கிறது?

முட்டை எடுத்த ஒவ்வொரு பெண்ணுக்கும் எண்ணிக்கை, முதிர்ச்சி, கண்ட குறை, கருவான விபரம் ஆகியவை அடங்கிய அறிக்கையை அவருடைய மொழியிலேயே கட்டணமின்றி வழங்க அந்தச் சபை உடனே கட்டளையிட வேண்டும். ஒப்புதல் படிவமும் தமிழில் இருக்க வேண்டும். இதுவரை வெறும் வாய்ச்சொல்லோடு அனுப்பப்பட்டவர்களுக்கும் அவர்களுடைய பதிவேட்டின் பிரதியைக் கொடுக்க வேண்டும். கொடுக்க மறுக்கும் நிலையத்தின் பதிவைப் புதுப்பிக்கக் கூடாது.